மணிமொழி எழுதுன தாளு

எறங்கி என்னங்கம்மா பண்ணப் போறோம்? முன்னாடியும் சிமெண்ட் லாரி, பின்னாடியும் சிமெண்ட் லாரி. பெரம்பலூர்ல ஏறுனதுலேருந்து பஸ்ஸு இப்படித்தான் ஊருது. ஒக்காருங்க. எனக்கும் அரியலூர் ஸ்டேஷனுக்குத்தான். பகல் ரயில்ல மக வரா, மெட்ராஸ்லேருந்து. மணிமொழின்னு பேரு.

டாக்டருங்க. ஆமா, ஊசி போடுற டாக்டருதான். அதுக்கு மேல, பிளேன் ஓட்டுறவங்களுக்குன்னு தனியா வைத்தியம் இருக்காமுல்ல, அத பெங்களூர்ல படிச்சி முடிச்சிருக்கா. எங்க ஊரு வேப்பந்தட்டையில சொன்னா யாருக்கும் புரியல.

லேசுன்னா நெனைக்கிறீங்க? டாக்டருங்களையே ஒரு இரும்பு ரூமுல ஒக்கார வச்சி, கதவ மூடி, உள்ள காத்தக் கொறைப்பாங்களாம். உள்ள வச்சிருந்த பிஸ்கட் பாக்கெட்டு பலூனாட்டம் ஊதிப்போச்சாம். அப்பறம் மூஞ்சில மாட்டியிருக்குற ஆக்சிஜன் மாஸ்க கழட்டச் சொல்லி, பேனாவக் குடுத்து, ஒம் பேர எழுதிக்கிட்டே இருன்னுவாங்களாம். பயமே வராதாம், அதுதான் ஆபத்துங்குறா. கிறங்குறோம்னு தெரியாமலே கிறங்கிடுவாங்களாம். நாளைக்கி பைலட்டுக்கு அப்படி ஆனா கண்டுபுடிக்கணுமில்ல, அதுக்குத்தான் இவங்களே பட்டுப் பாத்துக்கறது.

மூணாவது நிமிசம் நகமெல்லாம் நீலமாயிருச்சாம். கூட இருந்த வேணுகோபால்னு பெரிய டாக்டரு மாஸ்க மாட்டிவுட்டுருக்காரு. நல்லாத்தான் சார் எழுதுனேன்னு இவ சொல்லியிருக்கா. அவரு தாள நீட்டுனாராம்.

மொத அஞ்சு வரி பேரு. அப்பறம் கோணக்க மாணக்க, அம்மா கதவத் தொற, அம்மா கதவத் தொற. பதினோரு வாட்டிங்க.

வேணாம்னா வுட்டுரும்மான்னாராம். இவ கேக்கல. மறுநாளு திரும்ப உள்ள போயி, கடைசி வரைக்கும் பேர மட்டும் எழுதிட்டு வந்துட்டா. பாஸும் பண்ணிட்டா.

போன்ல சிரிச்சிக்கிட்டேதான் சொன்னா. ஏன் அப்படி எழுதுனேன்னே தெரியலம்மான்னா. நானும் சிரிச்சி வச்சேன். அதுக்கப்பறம் இன்னிக்கித்தான் நேர்ல பாக்கப் போறேன். மொகத்த எங்க வச்சிக்கிறதுன்னு தெரியல.

இல்லங்க, ஏன்னு அவளுக்குத் தெரியும். பன்னண்டாவது முடிச்சி நீட்டுக்குப் படிச்சா பாருங்க ரெண்டு வருசம், நான் பால்வாடி வேலைக்கிப் போறப்ப, மாடி ரூமுல அவள வுட்டு வெளியில பூட்டிட்டுத்தான் போவேன். படிக்கட்டும்னுதான். சாயங்காலம் வந்து தொறப்பேன். ஒரு நாள்கூட கதவத் தட்டுனதில்லீங்க அவ.