காதுக்கார அண்ணன் மேல் நான் போட்ட பழி

மேடையில் அமர்ந்திருக்கும் படகுத்துறைக் கண்காணிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, வேலை உடுப்போடு வந்து நிற்கும் தோழர்களே, வணக்கம். தலைமைப் படகோட்டி என்பதால் இந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசத் தகுதி உள்ளவனா நான்? கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நம் மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மோட்டார் மூடியில் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். அதனால் காதுக்கார அண்ணன். இரண்டு பக்கமும் காற்றடைத்த உலோக மிதவைகள் தாங்கும் நம் மிதவைப் படகு அக்கரை சேர இருபது நிமிடம் ஆன காலத்தில், மோட்டாரைக் கழற்றி ஒரு துளை மேலே தூக்கி மாட்டினார். ப்ரொப்பெல்லரை மாற்றினார். பின்னால் கிடந்த இரண்டு பெஞ்சுகளை முன்னால் நகர்த்தினார். பன்னிரண்டே நிமிடம்! "மோட்டாரை மட்டும் திட்டாதீங்கப்பா, அது இழுக்குற பாரத்தையும் பாருங்க" என்பார்.

மூன்று மாதத்துக்கு முன், மழை தொடங்கிய நேரம், அந்தப் படகு மறுபடி மந்தமானது. அண்ணன் பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழுவினார். மோட்டாரைச் சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"தம்பி, மிதவைக்குள்ள தண்ணி ஏதும் எறங்கியிருக்குமோ?"

"நானே தெறந்து பாத்துட்டேண்ணே. ஒரு சொட்டு இல்ல."

பொய். முந்தின வாரம்தான் பாறையில் மோதி, இடது மிதவையின் வெல்டிங் விட்டுப்போயிருந்தது. தலைமைப் படகோட்டியே மோதினான் என்று தெரிந்தால் என் மானம் என்னாவது? படகு சாய்வது தெரியாதிருக்க, "வலது பக்கம் உக்காருங்க, வெயில் படாது" என்று பயணிகளிடம் சொன்னேன். மழைக்காலத்தில் ஏது வெயில்? ஒருவரும் கேட்கவில்லை.

கண்காணிப்பாளர் விசாரித்தபோது, "மோட்டார்லதான் சார் கோளாறு" என்றேன். மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று பதிவேட்டில் ஏறியது. மோட்டாரைத் தொட்ட கையில் பெயின்ட் பிரஷ்ஷைக் கொடுத்து, கைப்பிடிக் கம்பிகளுக்கு அடிக்கச் சொன்னார்கள். அடித்தார். முறைக்கவில்லை, முணுமுணுக்கவும் இல்லை.

போன வாரம் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். நெஞ்சில் ஒயர்களோடு படுத்திருந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "என் கையிலதான் தப்பு இருக்கு தம்பி. எங்கன்னுதான் பிடிபடல." அப்போதாவது வாயைத் திறந்தேனா? "உடம்பப் பாத்துக்கங்கண்ணே" என்று பழப்பையை வைத்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

நேற்றுக் காலை படகைக் கரையேற்றி, இடது மிதவையின் திருகு மூடியைத் திறந்தேன். கால் மணி நேரம் தண்ணீர் கொட்டியது. வெல்டரை அழைத்துப் பிளவை அடைத்தேன். அண்ணன் விட்டுச்சென்ற மோட்டாரில் நான் கைவைக்கவே இல்லை. பதினோரு நிமிடத்தில் அக்கரை சேர்ந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கண்காணிப்பாளர் அவர்களே, பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். என்னைப் படகிலிருந்து இறக்குவதானால் இறக்குங்கள். எந்த வேலை கொடுத்தாலும், வாரந்தோறும் ஒவ்வொரு மிதவையையும் உங்கள் கண்முன் திறந்து காட்டுவேன். ஏன் என்று கேட்பவரிடம் இதை மறைக்காமல் சொல்வேன். இது உறுதி.

அண்ணி, மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. அண்ணன் தேடிய தப்பு அவர் கையில் இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு மூன்று மாதம் இருந்தது.