ஆறாம் எண் கட்டில்

இரவு ஒன்பதரை. பர்மிங்காமுக்கு வெளியே, பனியில் புதைந்த ஒற்றைச் சாலை. வண்டி நின்றுவிட்டது... ஓட்டுநர் தொலைபேசி தேடிப் போய் ஒரு மணி நேரமாகிறது. உள்ளே, தொலைக்காட்சியின் மருத்துவமனைத் தொடரில் நோயாளிகளாகப் படுக்கிற துணை நடிகர்கள் ஐந்து பேர், ஒரே கம்பளிக்குள்.

"எட்னா, ஏதாவது சொல்லுங்க. தூங்கினா விறைச்சுடுவோம்."

"மேவிஸ் கதை சொல்லவா? என் நாத்தனாரோட சிநேகிதி. நம்ம தொடர்லதான் படுத்தா."

"படுக்கறதுல என்ன கதை?" என்றான் க்ளைவ். "எனக்குச் சம்பளமே அதுக்குத்தான்."

"வாய மூடிக் கேளுடா."

தொடர் ஆரம்பித்துப் பதின்மூன்றாம் வருடம் அது. அதில் எட்டு வருடம் மேவிஸ் நினைவிழந்த நோயாளி. வசனம் கிடையாது. இயக்குநர் 'கட்' சொல்லும்வரை அசையக் கூடாது. அசைந்தால் மறுபடி கூப்பிடமாட்டார்கள். அன்று காலையில்தான் அவர் சொல்லியிருந்தார்: அடுத்த வாரம் அவளுக்கு நர்ஸ் வேடம், ஒரு வரி பேசலாம். ஒரே ஒரு வரி.

வழக்கமாக அவளுக்கு நாலாம் எண் கட்டில். அன்றைக்கு ஆறில் படுக்கச் சொன்னார்கள். கண்ணை மூடினாள். விளக்குச் சூடு முகத்தில்... புதுப் பெயிண்ட் வாடை.

"ஆக்‌ஷன்!"

கொஞ்ச நேரத்தில் சூடு போய்விட்டது. பெயிண்ட் வாடையும் போய், பினாயில்... அதற்கடியில் பூச்சாடியில் அழுகிய தண்ணீர் நாற்றம். எங்கோ குழாய் சொட்டியது. டக்... டக்... அட்டைச் சுவருக்கு ஏது குழாய்?

மெத்தை பக்கத்தில் மெல்ல அமுங்கியது.

"புதுசா, கண்ணு?"

பெண்குரல். காதோரம். மேவிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அசைஞ்சுடாதே, காட்சி கெட்டுடும். நான் முதல் வருஷத்துலேருந்து படுத்திருக்கேன்... எனக்கு இன்னும் கட் கேக்கல."

கத்தலாம். கத்தினால் அந்த ஒரு வரி போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

ஈரக் கை ஒன்று அவள் விரல்களைக் கோத்தது... விட்டது. ஸ்ப்ரிங் கிறீச்சிட்டது. பக்கத்துப் பாரம் எழுந்துகொண்டது.

"கட்!"

மேவிஸ் எழப் பார்த்தாள். விரல் வரவில்லை. இமை வரவில்லை. வாய்... ம்ஹூம்.

"பிரமாதம் மேவிஸ்! செத்தவங்ககூட இப்படிப் படுக்கமாட்டாங்க!" இயக்குநர் சிரித்தார்.

"நன்றிங்க," என்றது மேவிஸின் குரல். கட்டிலுக்கு வெளியேயிருந்து. "என் வசனத்த எப்போ தருவீங்க?"

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகிற சத்தம். கதவு. பூட்டு.

வண்டியின் கண்ணாடியில் பனி உரசியது.

"நல்லா அளக்கறீங்க," என்றான் க்ளைவ். சிரிப்பு பாதியில் நின்றது. "அவ கட்டில்லயே கிடந்தான்னா... இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?"

"போன வாரம் ஆறாம் நம்பர்ல யாரு படுத்தா?"

"நீங்கதான், எட்னா."

அவள் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"எட்னா நல்ல பொண்ணு," என்றாள். "இமைகூட அசைக்கல."