கோட்டுக்கு மேல ஒரு விரல்

விடியக்காலை நாலே முக்கால் மணி. அந்த ரோட்ல ஒரு விளக்கு கூட எரியல... ரெண்டு பக்கமும் காலி மனை, கடைசியில ஒரே ஒரு வீடு. அந்த வீட்டைப் பார்த்து ஒருத்தர் சைக்கிள்ல போறாரு. செயின் சத்தம் மட்டும்... கிறீச்... கிறீச்...

இந்தா, போர்வையை இழுக்காதே, எல்லாருக்கும் பத்தும். கரண்ட் வர்ற வரைக்கும் கதை சொல்லுன்னு நச்சரிச்சது நீங்கதான். நடுவுல எவளாவது கத்தினா நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துடுவேன், சொல்லிட்டேன்.

சைக்கிள்ல போனது யாருன்னா, என்கூட வேலை பார்க்கிறாளே சோடாபுட்டி, அவளோட சித்தப்பா. பழைய வீட்டைப் புதுப்பிச்சுக் கொடுக்கிறதுதான் அவருக்குத் தொழில். கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ்காரர்னு ஒவ்வொருத்தரையா வரவழைச்சு வேலை வாங்கணும். அது எப்பேர்ப்பட்ட தலைவலின்னு இந்த வீட்டுல மூணு மாசமா நான் படற பாட்டைப் பார்த்தாலே தெரியும். நம்ம பிளம்பர் 'இதோ வந்துட்டே இருக்கேன்'னு சொல்லி இன்னியோட ஒன்பது நாள் ஆச்சு. எங்கிருந்து நடந்து வர்றாரோ தெரியல.

சித்தப்பா காதுல எப்பவும் ஒரு பென்சில் இருக்கும். டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி, வெறும் சுவத்துல 'பார்த்தாச்சு. சரி. நான் பொறுப்பு'ன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போடுவாரு. டைல்ஸ் வந்தா மறைஞ்சுடுமேன்னு கேட்டா, மறையட்டும், எனக்குத் தெரியும்லன்னு சொல்வாரு. ரொம்ப முன்னாடி ஒரு வீட்டுல மாடி பாத்ரூம் ஒழுகி, கீழ் ரூம் கூரை பெயர்ந்து விழுந்திருக்கு. கொத்தனார் பிளம்பரைக் கை காட்டுறாரு, பிளம்பர் டைல்ஸ்காரரைக் காட்டுறாரு, என் தப்புன்னு ஒருத்தர் வாயில இருந்தும் வரல. அன்னிக்கு அவர் சாப்பிடவே இல்லையாம். இனிமே யார் செஞ்ச வேலையா இருந்தாலும் பேர் என்னோடதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டாரு.

சரி, இந்த வீடு... மாடி பாத்ரூம்ல பழைய சிமெண்ட் தொட்டி ஒண்ணு இருந்துச்சு. ஆள் நீளத்துக்கு. முதல்ல அதை உடைச்சு எடுங்கன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. உடைச்சு முடிக்கிற வரைக்கும் அந்த மனுஷன் மாடிப்படியில கால் வைக்கல. ஏன்னு சித்தப்பா கேட்கல. நாமளா இருந்தா நோண்டி நோண்டிக் கேட்டிருப்போம்.

அந்த பாத்ரூமுக்கு நேர் கீழ, வீட்டுக்காரரோட அப்பாவுக்குன்னு ரூம். படுத்த படுக்கை, தானா புரளக்கூட முடியாது. வேலை முடிஞ்சதும் அங்கதான் கொண்டு வந்து படுக்க வைக்கப் போறாங்க. மேல இருந்து ஒரு சொட்டு இறங்கினாலும் அவர் முகத்துலதான் விழும். அதனால சித்தப்பா கறாரா சொல்லிட்டாரு. தண்ணி போற ஓட்டையை அடைச்சு, தரை முழுக்கத் தண்ணி நிறுத்தி, மட்டத்துக்கு சுவத்துல பென்சில் கோடு போட்டு, ரெண்டு நாள் முழுசா விட்டுப் பார்க்கணும். மட்டம் இறங்கலைன்னாதான் டைல்ஸ்.

ஒரு நாள் முடிஞ்சு, அதைப் பார்க்கத்தான் அந்த விடியக்காலையில போனாரு. பூட்டைத் திறந்து மாடிக்கு ஏறுறாரு. ஈர சிமெண்ட் வாசனை... அதோட, தலைக்குத் தேய்ச்ச எண்ணெய் வாசனை. டார்ச் அடிச்சாரு. தண்ணி இறங்கல.

ஏறியிருந்துச்சு. கோடு தண்ணிக்குள்ள இருக்கு. கோட்டுக்கு மேல ஒரு விரல் அகலம்.

குழாய் இன்னும் மாட்டல. மழையும் இல்ல. சித்தப்பா தன்னோட பிளம்பருக்குப் போன் பண்ணிட்டு, பாத்ரூமுக்கு முதுகைக் காட்டி மாடிப்படியில உட்கார்ந்துட்டாரு. பின்னாடி ஒரு தடவை... சளக். எலியா இருக்கும்னு திரும்பல. பாவம், எனக்கா இருந்தா அங்கயே உயிர் போயிருக்கும்.

பிளம்பர் வரும்போது நல்லா விடிஞ்சுடுச்சு. போய்ப் பார்த்தா தண்ணி கரெக்டா கோட்டுல நிக்குது. ஏறின கதையைக் கேட்டு பிளம்பர் சிரிச்சாரு. ஒரு ஆள் இறங்கிப் படுத்தாத்தாண்ணே அவ்வளவு ஏறும்னாரு. அப்புறம் தரையைப் பார்த்தாரு... சிரிப்பு நின்னுடுச்சு. சிமெண்ட் தூசியில ஈரக்கால் தடம். பாத்ரூம்ல இருந்து வெளிய வந்து, சித்தப்பா உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் பின்னாடி வரைக்கும்... அங்க ரெண்டு காலும் சேர்ந்து நின்னிருக்கு. திரும்பிப் போன தடம் இல்ல.

சித்தப்பா நேரா உள்ள போய் ஓட்டை அடைப்பைப் பிடுங்கினாரு, தண்ணி மொத்தமும் போச்சு. ரெண்டாவது நாள் பார்க்கவே இல்ல. சுவத்துல 'பார்த்தாச்சு. சரி. நான் பொறுப்பு'ன்னு எழுதிட்டாரு. வாழ்க்கையில அவர் எழுதின ஒரே பொய். மறுநாளே டைல்ஸ் ஒட்டியாச்சு.

மூணு வாரம் கழிச்சு வீட்டுக்காரர் கூப்பிட்டாரு. பெரியவர் கட்டிலுக்கு மேல கூரையில ஈரம். டப்... டப்... நெத்தியில விழுது, அவரால முகத்தைத் திருப்பக்கூட முடியல. சித்தப்பா அதைப் பார்த்துட்டு வெளிய வந்து அழுதுட்டாராம். கொத்தனார், பிளம்பர், டைல்ஸ்காரர், எல்லாரும் பழையபடி ஒருத்தரை ஒருத்தர் கை காட்ட ஆரம்பிச்சாங்க. சித்தப்பா கையை உயர்த்தி அவங்களை நிறுத்தினாரு. அங்க என் பேர்தான் இருக்குன்னு சொல்லிட்டு, அவரே போய் அந்தச் சுவத்து டைல்ஸைப் பெயர்த்தாரு. பிளம்பர் பக்கத்துலதான் நின்னாரு.

சித்தப்பா கையெழுத்து அப்படியே இருந்துச்சு. அதுக்குக் கீழ, பென்சில்ல, வேற கை... கோணல்மாணலா.

'இன்னும் ஒரு நாள் இருக்கு.'

யாரது விசும்புறது? பக்கத்துல இருக்கிறவ கையைப் பிடிச்சுக்கோ. இன்னும் கொஞ்சம்தான்.

வீட்டுல எல்லாரையும் வேற இடத்துக்கு அனுப்பிட்டாங்க. தரையை மொத்தமா பெயர்த்து, புதுசா பூச்சு போட்டு, மறுபடி தண்ணி நிறுத்தி, கோடு போட்டாங்க. முதல் நாள் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது நாள் நான் இங்கயே இருந்து பார்க்கிறேன்னு சித்தப்பா சொன்னாரு. பிளம்பர் தானும் கூட இருக்கேன்னு எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாரு.

"பாதியில விட்டது நான்தானேப்பா. நானே முடிச்சுடறேன்" அப்படின்னாராம்.

மறுநாள் காலையில பிளம்பர் வந்தாரு. வாசல்ல சைக்கிள் நிக்குது. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். தட்டித் தட்டிப் பார்த்துட்டு உடைச்சுட்டாரு. கீழ் ரூம் கூரை காய்ஞ்சு கிடக்கு, ஒரு பொட்டு ஈரம் இல்ல. மாடியில பாத்ரூம் வாசல்ல சித்தப்பா செருப்பு, ஜோடியா. அது மேல பென்சில். சுவத்துல அன்னிக்குத் தேதி போட்டு, 'பார்த்தாச்சு. சரி.' அவர் கையெழுத்துதான்.

அவரைக் காணோம். ஜன்னல்ல எல்லாம் கம்பி, பின்கதவுலயும் உள்தாழ்ப்பாள். இத்தனை வருஷமா தேடுறாங்க. இதைச் சொல்லும்போது சோடாபுட்டி கண்ணாடியைக் கழட்டிட்டு அழுதா, எனக்கும் தாங்கல.

தண்ணி ஆடாம அசையாம நின்னுச்சாம். பிளம்பர் குனிஞ்சு, சுவத்தோட கையை வெச்சு அளந்து பார்த்திருக்காரு.

கோட்டுக்கு மேல... ரெண்டு விரல்.