பவுஸ்டினாவின் கன்னம்

வெள்ளியைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. உங்கள் அறிக்கையில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

என்னிடம் பதினொரு ரோமானிய வெள்ளிக் காசுகள் இருந்தன. அதில் எனக்கு உயிர் பவுஸ்டினா அரசியின் காசு. மனைவி இறந்த பிறகும் அந்தோனினஸ் பேரரசர் அவள் முகத்தைக் காசுகளில் பொறித்துக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு கணவர். அவளுடைய கொண்டைப் பின்னல்களுக்கு இடையில் ஆயிரத்தெண்ணூறு வருடக் கறுப்பு படிந்திருந்தது. அந்தக் கறுப்பில்தான் முகமே எழும்பித் தெரியும். இதையெல்லாம் என் மனைவி யோகமலருக்கு நான் விளக்கியதில்லை. காசுப் பெட்டியைத் தொடாதே என்று மட்டும் சொல்லியிருந்தேன். காரணம் சொன்னால் புரிகிற ஆள் இல்லை அவள்.

தைப்பொங்கலன்று காலை குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு காசுகளையும் துலக்கி, சாமித் தட்டில் அடுக்கி வைத்திருந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஊத்தையெல்லாம் போயிட்டுது. எப்பிடிப் பளபளக்குது பாருங்கோ."

பார்த்தேன். பவுஸ்டினாவின் கன்னம் முழுக்கக் கீறல். ஆனால் கத்தவில்லை. நான் கத்துகிற மனிதன் இல்லை, எங்கள் அஜின்கோர்ட் வட்டாரத்தில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

"காத்துப் பட்டால் திரும்பக் கறுக்கும். இதைக் கொண்டுபோய் பல்கனியில பிடிச்சுக்கொண்டு நில்லும்" என்றேன்.

"ஓம். தெரியாமச் செய்துபோட்டன்" என்று வீட்டுச் சட்டையோடு, செருப்பும் இல்லாமல் போனாள். பதினான்காம் மாடி. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. நான் கண்ணாடிக் கதவைப் பூட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டினாள். "கை விறைக்குதப்பா, கதவைத் திறவுங்கோ."

"கறுத்திட்டுதோ?"

காசைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். இல்லை என்று தலையாட்டினேன். பொங்கல் ஆறிவிடும் என்று உட்கார்ந்து சாப்பிட்டேன். சர்க்கரை சற்றுக் கூடிவிட்டது. மத்தியானம்போலத் தட்டுகிற சத்தம் நின்றது. ஐந்து மணிக்கு நானேதான் போலீசுக்குப் போன் எடுத்தேன், அதையும் எழுதுங்கள்.

உங்கள் ஆட்கள் அவள் விரல்களைப் பிரித்தபோது, காசை விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் கை படக் கூடாது என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

காசு கறுக்கவில்லை. வெள்ளி அப்படிக் கறுக்கப் பல வருடம் செல்லும். அது எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.