புதினா வெச்ச வாசல்

அளந்துக்கோம்மா, வேணாங்கல. ஆனா வந்ததுல இருந்து நீ சுவத்துப் பக்கமே போவல, தோட்டத்தையே சுத்திச் சுத்தி வர்றே. அதான் கேட்டேன், யாரு அனுப்புனதுன்னு. யாரு, இக்ரோமா? எம் மவனா? தாஷ்கந்துல உக்காந்துக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரேன். சரி, டீயக் குடி. ரொட்டியப் பிச்சுக்கோ. எங்க மார்கிலான்ல சந்தேகப்பட்டாலும் ஆள உக்கார வெச்சுத்தான் படுவோம்.

என்னது, புல்லுத்தரையா? வாய்க்கால மூடிடுவியா? சுவத்துக்குப் பதிலா கண்ணாடி போட்டு வீட்டையும் தோட்டத்தையும் ஒண்ணாக்கப் போறியா? ஏம்மா, இப்ப மட்டும் ரெண்டாவா இருக்கு? வெளிவாசல்ல நுழையற தண்ணி கூடத்த ஒரசிக்கிட்டு வந்து, அடுப்படியத் தாண்டித்தான் வெளிய போவுது. எங்க வீடு முடிஞ்சு எங்க தோட்டம் தொடங்குதுன்னு நானே கண்டதில்ல.

இதைக் கட்டிக் குடுத்தவரு மஹ்காம்னு ஒரு உஸ்தா, கைதேர்ந்த கொத்தனாரு. எட்டு வருஷமாச்சு. அவரும் உன்ன மாதிரிதான், சுவத்த அளக்கல. எம் புருஷன நடக்கவிட்டு அவரு தப்படிய அளந்தாரு! அந்தத் திராட்சப் பந்தல் காலு இருக்கே, எண்ணிப் பாரு, ஏழு தப்படிக்கு ஒண்ணு. நடுவுல செங்கல்லு, ஓரத்துல கூழாங்கல்லு. அடுப்படி வாசல்ல துளசி மாதிரி மணக்குற ரைஹோன். கூடத்து வாசல்ல புதினா. படுக்கற அறைக்கு ரோசா.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு? அதுவரைக்கும் ஒரு செடிக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்தாத மனுஷன், திடீர்னு புதினாவா ரைஹோனான்னு உஸ்தாவோட குசுகுசுன்னு பேசறாரு. நான் டீ எடுத்துக்கிட்டுப் போனா ரெண்டு பேரும் வாய மூடிக்கறாங்க. சரிதான், இது பொம்பள ருசி, எவளோ ஒருத்தி பின்னாலருந்து வரைஞ்சு குடுக்குறான்னு முடிவே பண்ணிட்டேன். சிரிக்காத. நீயும் ஒருத்தனக் கட்டிப் பாரு, தெரியும்.

செவ்வாக்கெழம தவறாம பெர்கானாவுக்குப் போவாரு. பட்டு வியாபாரம்னு பேரு. ஒரு நாள் முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு அடுத்த வண்டியிலயே நானும் போனேன். கையில கிடைச்சா அவ கொண்டைய அறுக்கணும்னு கத்திரிக்கோல்கூட வெச்சிருந்தேன். போயி எறங்குனா அது கண்ணாஸ்பத்திரி.

உஸ்தா எம் புருஷன் கையப் பிடிச்சு ஒவ்வொரு படியா எறக்கிக்கிட்டு வந்தாரு. மாதுளங்கா விக்கிறவன் பின்னால நின்னுக்கிட்டிருந்தேன். என்னத் தாண்டி, இதோ இந்த டீத்தட்டு தூரத்துலதான் போனாரு. மூஞ்சி நேரா எம் பக்கந்தான் இருந்துச்சு. பாக்கல.

அப்புறம் அவருகிட்ட கேட்டேனாங்கறியா? எங்க கேக்கறது? ராத்திரி சோத்துல உக்காந்து, இன்னிக்கு பட்டு வெல ஏறிப்போச்சுன்னாரு. ஆமா, ஏறத்தானே செய்யும்னேன். பெருநாளைக்கு செவப்பு அட்லஸ் பட்டு போட்டுக்கிட்டு முன்னால போயி நின்னேன். நீலம் உனக்கு எடுப்பா இருக்குன்னாரு. மறுநாளே ஒரு நீலம் தைக்கக் குடுத்துட்டேன். அவரு வாயால சொன்னது பொய்யாப் போவக் கூடாதுல்ல. எட்டு வருஷத்துல ஒரு மணையக்கூட நான் எடம் மாத்துனதில்ல.

இக்ரோமுக்கா? அவனுக்கு எங்க தெரியும், வருஷத்துக்கு ரெண்டு நாள் வர்றவன். அப்பா நல்லாத்தானே நடக்குறாருங்கறான். நடக்குறாரு, இந்தத் தோட்டத்துக்குள்ள நடக்குறாரு. அப்பல்லாம் நெழலாவது தெரிஞ்சிருக்கும். போன பனிக்காலத்துல இருந்து அதுவும் இல்ல. புதினாவ எடுத்துட்டா எந்த வாசல்னு கண்டுபிடிப்பாரு? தண்ணிச் சத்தத்த மூடிட்டா?

வேலைய வேணான்னு சொல்லாத, இக்ரோம் வேற ஆள அனுப்பிடுவான். மண்ணு சரியில்லன்னு எழுதிக் குடு, படிச்ச பொண்ணு சொன்னா நம்புவான். உண்மையச் சொன்னா அப்பன்கிட்ட போயி அழுவான், அதோட எல்லாம் போச்சு. எனக்குத் தெரியும்ங்கறது அவருக்குத் தெரியாதும்மா.

ஷ்ஷ், வெளிவாசல் சத்தம். வந்துட்டாரு, உஸ்தாதான் வாசல் வரைக்கும் கொண்டாந்து விடுவாரு. அந்தப் பைய பாதையில இருந்து எடு, சீக்கிரம். அப்புறம் நீயே முந்திக்கிட்டு, கொஞ்சம் சத்தமா, சலாம் சொல்லிடு.