ஒருத்தியின் அழைத்தல்

தேநீரில் சர்க்கரை போடவில்லை, மதர். உங்களுக்கு ஆகாது என்பது நினைவிருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு தீரட்டும். திலகத்தின் மாமா காளியண்ணன் உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை.

திலகம் கலும்பாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. தையல் படிக்க வந்தாள், ஞானஸ்நானம் பெற்றாள், கன்னியாஸ்திரியாகப் பயிற்சி பெறும் நவதுறவியானாள். தாய் தாயம்மா மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் மகளைத் தடுக்கவில்லை. அப்போது இந்த மடத்தில் படுக்கையில் கிடந்த சிஸ்டர் சவரியம்மாளும் நானும்தான். புதிதாக யாரும் சேராவிட்டால் கோலசிலாங்கூர் மடத்தை மூடிவிடுவோம் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள்.

எண்பத்து மூன்றாம் வருடம் ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்.

"சிஸ்டர், எனக்கு அழைத்தல் இல்லன்னு தோணுது. அம்மா தனியா இருக்கு. நா வீட்டுக்குப் போறேன்."

ஒரு மாதம் ஜெபித்துவிட்டு முடிவெடு என்றேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நானும் ஜெபித்தேன். அவளுக்குக் கடவுளின் அழைத்தல் இருப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவளைப் பின்னால் இழுத்தது அந்த ஒரே கயிறுதான்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அவளை உட்காரவைத்து, தோட்டத்து ஆபீஸ் கிராணி போன் செய்ததாகச் சொன்னேன். காய்ச்சலில் அம்மா இறந்துவிட்டாள், அடக்கமும் முடிந்துவிட்டது என்றேன். போக வேண்டும் என்று அழுதாள். நவதுறவி முதல் ஆண்டில் வெளியே தங்கக் கூடாது என்பது நம் சட்டம், மதர், நான் எழுதியதல்ல. மூன்று நாள் கஞ்சி ஊட்டினேன். நான்காம் நாள் எழுந்து, "இனி எனக்கு இந்த வீடுதான் சிஸ்டர்" என்றாள். நன்றி சொல்லி ஒரு ஜெபமாலை சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துத் தாயம்மா வந்தாள். இரண்டு பஸ் மாறி, பொரித்த நெத்திலியை டின்னில் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். திலகம் படிக்க இந்தியாவுக்குப் போய்விட்டாள், கடிதம் எழுதாமல் இருப்பது அவளுடைய விரதம் என்றேன். அந்நேரம் சிற்றாலயத்தில் திலகம் பாடிக்கொண்டிருந்தாள்.

"எம்மவ கொரலு மாரி இருக்கே லா."

"கேசட், அம்மா."

பாட்டு முடியும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் போனாள். நெத்திலியைக் கொட்ட மனமில்லை. உணவை வீணாக்குவது பாவம். சாப்பாட்டு வேளையில் திலகத்துக்கே வைத்தேன். ஒரு வாய் தின்றவள், யார் பொரித்தது என்று கேட்டாள். சந்தையில் வாங்கியது என்றேன்.

தாயம்மா இன்னும் இரண்டு முறை வந்தாள். எண்பத்தேழில் அவள் தம்பி காளியண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், மகள் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறாள், எப்படியாவது இந்தியாவிலிருந்து வரவழையுங்கள் என்று எழுதியிருந்தார். அடுத்த வாரம் இரண்டாவது கடிதம் வந்தது, எல்லாம் முடிந்துவிட்டதென்று. திலகத்திடம் அதை எப்படிச் சொல்வது? ஒரு சாவை இரண்டு முறை சொல்ல முடியாதே, மதர்.

போன ஞாயிற்றுக்கிழமை காளியண்ணன் இந்தப் பக்கம் லோரியில் சரக்கு இறக்க வந்தவர் இங்கேயும் எட்டிப் பார்த்தார். திலகம் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தியாவுலேர்ந்து எப்ப வந்த?" என்று கேட்டிருக்கிறார். அக்கா இங்கே வந்து வந்து திரும்பியதையும் சொல்லியிருக்கிறார்.

அவர் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள். கத்தவில்லை.

"எங்கம்மா எத்தன தடவ வந்துச்சு?"

"மூன்று."

அதில் நான் பொய் சொல்லவில்லை. அவள் போய்ப் பெட்டியை எடுத்தாள். அடுத்த மாதம் வாழ்நாள் முழுக்கத் துறவியாக இருக்க நித்திய வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டியவள். ஆறு வருட உழைப்பு. அவள் தாய் இருந்த தோட்டத்து லய வீடுகளையும் இடித்துவிட்டார்கள். போனால் எங்கே நிற்பாள்? கோபத்தில் இருப்பவளால் கடவுளின் குரலைக் கேட்க முடியாது.

மாடியறையில்தான் இருக்கிறாள். முதல் இரண்டு நாள் கதவைத் தட்டினாள், இப்போது தட்டுவதில்லை. சாப்பாடு வேளாவேளைக்கு வராந்தா பக்கத்து ஜன்னல் கம்பி வழியாகப் போகிறது. அழைத்தலில் யாரையும் வற்புறுத்தக் கூடாது, மதர். அவள் சுதந்திரமாக யோசித்து முடிவெடுக்கட்டும் என்றுதான் வெளியே பூட்டியிருக்கிறேன்.