மில்காரர் கொடுத்த ஃபேன்

குத்தாலத்தில் ஒரு கல்யாண மண்டபம். பந்திக்குக் காத்திருந்த வரிசையில் எனக்கு முன்னால் வெள்ளைச் சட்டையில் ரைஸ் மில் முதலாளி ஒருவரும், அவர் மில்லுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியின் தலைமையாசிரியையும் நின்றார்கள்.

“நீங்க மாட்டிக் கொடுத்த ஃபேனயெல்லாம் கழட்டித் திருப்பி அனுப்பிடலாம்னு இருக்கேன் சார்” என்றார் அந்த அம்மா.

“ஏன் டீச்சர், சுத்தலையா?”

“நல்லா சுத்துது. உங்க மில்லு சாம்பலயும் சேத்துச் சுத்துது. ஜன்னலத் தொறந்தா புள்ளைங்க நோட்டெல்லாம் கரி.”

“உமி எரிச்சாத்தானங்க நெல்லு அவிக்க முடியும்.”

“பள்ளிக்கூடம் விட்டப்புறம் அவிச்சுக்குங்க.”

“அது தோதுப்படாது டீச்சர். வெள்ளிக்கிழம உங்க பள்ளிக்கூடத்துல ஃபேன் திறப்பு விழா முடியட்டும், பேசிக்கலாம். பேப்பர்காரங்கள வேற வரச் சொல்லிட்டேன்.”

“வரட்டும் சார். ஜன்னல பூரா தொறந்து வைக்கிறேன். இதே சட்டைல வாங்க.”

அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

“அன்னைக்கு வேணா பாய்லர அணைச்சு வைக்கச் சொல்றேன்.”

“அணைக்க முடியுதுல்ல சார். அப்ப தெனமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டப்புறம் பத்த வைங்க. ஃபேன நாங்களே வச்சுக்கிறோம்.”